பார்சல் பதில்கள்: 124 ரூபாய்க்கு ஒரு சண்டை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். "பொருளுக்குப் பணம் கட்டியாச்சு, இப்போ வாசல்ல நின்னு இன்னொரு தடவை கேக்கறாங்க." தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸில் பையனாகச் சேர்ந்து, கக்கத்தில் ஃபைலோடு ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு நடந்த முதல் நாளிலிருந்து கணக்குப் போட்டால் எனக்கு இதில் 36 வருஷம். கன்டெய்னர் கன்டெய்னராகச் சரக்கை வெளியே எடுத்த காலம் போய், இப்போது உங்கள் வீட்டு ஷூ பெட்டிக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

"ஐயா, நான் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். வியன்னாவில் உள்ள ஒரு கடையில் ஆன்லைனில் தந்தி செட்டுகளும் ரோசினும் வாங்கினேன். பொருள் 8,000 ரூபாய், அனுப்பும் செலவு 2,000. மொத்தம் 10,000 கட்டிவிட்டேன். கூரியர் பையன் வந்து 4,011 ரூபாய் கொடுத்தால்தான் பெட்டியைத் தருவேன் என்றார். கொடுத்துவிட்டேன். இது நியாயமா? பில்லின் நகலை இணைத்துள்ளேன்." (வயலின் ஆசிரியை, கும்பகோணம்)

பில்லை அனுப்பினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு நன்றி. பத்தில் ஒன்பது பேர் தொகையை மட்டும் எழுதிவிட்டு என்னை ஜோசியம் பார்க்கச் சொல்கிறார்கள்.

முதல் விஷயம். 4,011 ரூபாயும் மொத்தமாக அரசாங்கத்துக்குப் போகவில்லை. வரி 3,126 ரூபாய். மீதி 885 கூரியர் கம்பெனியின் சொந்தக் கட்டணம். உங்கள் சார்பில் வரியை முன்பணமாகக் கட்டினார்களாம், அதற்கு 750. அந்த 750-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 135. இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்து "கஸ்டம்ஸ் சார்ஜ்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். திட்டு முழுவதும் கஸ்டம்ஸுக்கு.

இனி அந்த 3,126. கஸ்டம்ஸ் வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. நம் ஊர் எல்லைக்கு வந்து சேரும் வரை ஆன விலைக்கு. அதாவது பொருள் விலை, கூடவே அனுப்பும் செலவு, கூடவே இன்சூரன்ஸ். நீங்கள் இன்சூரன்ஸ் எடுக்கவில்லை என்கிறீர்கள். எடுக்காவிட்டாலும், எவ்வளவு என்று தெரியாவிட்டால் பொருள் விலையில் 1.125 சதவீதம் என்று விதியே போட்டுக்கொள்ளும். 8,000-க்கு அது 90 ரூபாய். ஆக உங்கள் பில்லில் மதிப்பு 8,000, 2,000, 90 சேர்ந்து 10,090.

அதன்மேல் அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம், 1,009. அந்த 1,009-இல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, 101. பாருங்கள், இது வரிக்கு மேல் வரி. பொருளுக்கு இல்லை. 2018-இல் கல்வி செஸ்ஸை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். இதுவரைக்கும் வந்த எல்லாவற்றையும் கூட்டினால் 11,200. இப்போது இந்த 11,200-க்கு ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி, 18 சதவீதம், 2,016. மாவு, அதன்மேல் வெங்காயம், அதன்மேல் பொடி என்று ஊத்தப்பம் போடுகிற மாதிரி. கடைசி அடுக்கு கீழே உள்ள எல்லாவற்றின் மீதும் படுகிறது. 1,009, 101, 2,016. கூட்டிப் பாருங்கள், 3,126 வரும்.

கூட்டல் சரி. ஆனால் பில் தப்பு.

விமானத்தில் வரும் சரக்குக்கு, அனுப்பும் செலவு எவ்வளவு ஆகியிருந்தாலும், வரிக் கணக்கில் பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது. 2007-ஆம் வருஷத்து மதிப்பீட்டு விதிகளில் இருக்கிறது. 8,000-க்கு 20 சதவீதம் 1,600. அவர்கள் நீங்கள் கட்டிய 2,000-ஐ அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். சரியான மதிப்பு 9,690. அதற்கு வரி 3,002 ரூபாய். உங்களிடம் 124 ரூபாய் அதிகம் வாங்கியிருக்கிறார்கள்.

சட்டப்படி ஒரு வருஷத்துக்குள் ரீஃபண்ட் கேட்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 124 ரூபாய்க்கு மனு எழுதமாட்டேன். ஆனால் கூரியர் கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டுவேன்: "பில் ஆஃப் என்ட்ரி நகல் அனுப்புங்கள், ஃபிரெய்ட்டை (அனுப்பும் செலவை) ஏன் 20 சதவீதத்தோடு நிறுத்தவில்லை என்று சொல்லுங்கள்." பில் ஆஃப் என்ட்ரி என்பதுதான் கஸ்டம்ஸில் உங்கள் பெயரில் தாக்கலான உண்மையான கணக்கு. கூரியர் தரும் தாள் அவர்கள் ரசீது. இந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்கிற வாடிக்கையாளரிடம் அடுத்த முறை கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பார்கள். (என் மனைவி இதைப் படித்துவிட்டு, "மனு எழுதமாட்டேன்னு சொல்ற ஆளைப் பாரு" என்று சிரிக்கிறாள். 1997-இல் 60 ரூபாய் டெமரேஜுக்கு, அதாவது சரக்கு எடுக்கத் தாமதமானதற்குப் போடும் கட்டணத்துக்கு, நான் மூன்று மாதம் அலைந்த கதை அவளுக்குத் தெரியும்.)

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், யூரோவை ரூபாயாக மாற்றிய ரேட் ஏன் கூகுளில் பார்த்ததோடு ஒத்துப்போகவில்லை என்று. கஸ்டம்ஸுக்குத் தனி ரேட். மாதத்துக்கு இரண்டு தடவை அறிவிப்பார்கள். நடுவில் மார்க்கெட்டில் யூரோ ஏறினாலும் இறங்கினாலும் அதுதான்.

இதற்கே மலைத்துப் போகாதீர்கள். சில வருஷம் முன்பு சொந்த உபயோகத்துக்கு என்று தபாலிலோ விமானத்திலோ வரவழைக்கும் பொருளுக்கு அடிப்படை வரி 35, ஐஜிஎஸ்டி 28 என்று இருந்தது. மேலே சொன்ன அதே அடுக்கில் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய்ப் பொருளுக்கு வரி 77 ரூபாய் 28 காசு. பேனா பிரியர்களும் பொம்மைக் கார் சேர்ப்பவர்களும் 77.28 என்றாலே பல்லைக் கடிப்பார்கள். பிறகு அடிப்படை வரி குறைந்து வந்தது. 2026 பட்ஜெட் உரையில் அதை 20-லிருந்து 10 ஆக்குவதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். அடுக்கு மாறாது. பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் அடுக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். கூரியரின் முன்பணக் கட்டணத்தையும் அவர்கள் தளத்தில் தேடிப் பார்த்து அதோடு சேருங்கள். சின்னப் பார்சலில் வரியைவிட அதுதான் கடிக்கும்.

"சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் எனக்கு ஒரு மிக்ஸி வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். 'கிஃப்ட்' என்று எழுதி விலையைக் குறைத்துப் போட்டால் வரி வராதாமே?" (இல்லத்தரசி, தேவகோட்டை)

வரும். அன்பளிப்புக்கு ஒரு காலத்தில் 5,000 ரூபாய் வரை விலக்கு இருந்தது உண்மை. வெளிநாட்டு ஆன்லைன் கடைகள் சட்டை, செருப்பு, ஃபோன் கவர் எல்லாவற்றையும் "கிஃப்ட்" என்று ஒட்டி லட்சக்கணக்கில் அனுப்ப ஆரம்பித்தன. முன்பின் தெரியாத சீனாக்காரர் உங்களுக்கு எதற்கு அன்பளிப்பு அனுப்புகிறார் என்று யாராவது கேட்கத்தானே செய்வார்கள்? 2019 டிசம்பரில் விலக்கை நிறுத்திவிட்டார்கள். ராக்கிக் கயிறுக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விட்டுவைத்தார்கள். அண்ணன் ராக்கி அனுப்பும் வழக்கம் நம் பக்கம் இல்லை. மிக்ஸிக்கு வரி கட்டித்தான் ஆகவேண்டும். அன்பளிப்பாக அனுப்பலாம், தடையில்லை. சலுகைதான் இல்லை.

விலையைக் குறைத்துப் போடுவது பற்றி என் சொந்தக் கதையைச் சொல்கிறேன், என் மருமகன் இதைப் படிக்கமாட்டான் என்ற தைரியத்தில். ஜெர்மனியிலிருந்து எனக்கு ஒரு காபி அரைக்கும் மிஷின் அனுப்பினான். வெளித்தாளில் "கிஃப்ட், 10 யூரோ" என்று எழுதியிருக்கிறான். உள்ளே பெட்டியின் அடியில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு, 89 யூரோ, கிழிக்கப்படாமல் அப்படியே. பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். விலைக்கு ஆதாரம் கேட்டு எனக்கு மெயில் வந்தது. ஊரார் சரக்குக்கெல்லாம் விளக்கக் கடிதம் எழுதிக்கொடுத்த ஆசாமி நான். என் பெயருக்கே ஒரு விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி எழுத அரை மணி நேரம் ஆனது. மருமகனின் கார்டு ஸ்டேட்மென்டை வைத்து, 89 யூரோதான் என்று ஒப்புக்கொண்டு, அதற்கான வரியைக் கட்டினேன். அபராதம் போடவில்லை. போட்டிருக்கலாம். விலையைத் தவறாகக் காட்டிய சரக்கை 1962 சுங்கச் சட்டம் 111(எம்) பிரிவில் பறிமுதல் செய்யவே இடம் உண்டு. அந்த அதிகாரி என்னைத் தெரிந்தவரும் இல்லை. நல்ல மனுஷன், அவ்வளவுதான்.

உங்கள் அண்ணனிடம் கடை பில்லை உள்ளே ஒன்று, வெளியே பிளாஸ்டிக் உறையில் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். தபாலில் அனுப்பினால் சி.என். 23 என்று ஒரு படிவம் தருவார்கள். அதில் "வீட்டுச் சாமான்" என்று மொட்டையாக எழுதக்கூடாது. "மிக்ஸர் கிரைண்டர், ஒன்று, இவ்வளவு டாலர்" என்று எழுதவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன்: மிக்ஸியைப் போய் சிங்கப்பூரிலிருந்தா? கோயம்புத்தூர் என்ன பாவம் பண்ணியது?

"பெயர் வேண்டாம். ஃபேஸ்புக்கில் பழகிய லண்டன்காரர், கப்பலில் இன்ஜினியர், எனக்குப் பிறந்தநாள் பரிசு அனுப்பியதாகப் படம் அனுப்பினார். தங்க வாட்ச், ஃபோன், கூடவே பவுண்டு நோட்டுக் கட்டு. மறுநாள் டெல்லி கஸ்டம்ஸிலிருந்து என்று ஒரு பெண் பேசினார். 38,500 கட்டினேன். இப்போது 'பணமோசடி இல்லை என்ற சர்டிஃபிகேட்' வாங்க ஒரு லட்சத்து இருபதாயிரம் கேட்கிறார்கள். கட்டாவிட்டால் என்மேல் கேஸாம்." (திருப்பூர் மாவட்டம்)

அம்மா, இதைப் படித்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள். சைபர் குற்றத்துக்கான எண். நீங்கள் பணம் அனுப்பிய நாள், நேரம், வங்கி எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு. உங்கள் கடிதம் எனக்கு வந்த அன்றே ஆசிரியர் குழுவிலிருந்து உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். இங்கே எழுதுவது இதே ஃபோன் வரப்போகிற அடுத்தவர்களுக்காக.

பெட்டியே இல்லை. லண்டன்காரரும் இல்லை. கஸ்டம்ஸ் அதிகாரி உங்களைக் கூப்பிட்டு ஜிபேயில் பணம் போடச் சொல்லமாட்டார். வரி கூரியர் மூலமோ தபால் மூலமோதான் உங்களிடம் வரும், இல்லையென்றால் அரசாங்கத் தளத்தில் சலானாகக் கட்டுவது. யாரோ ஒருவர் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்குக்கு ஒரு ரூபாய் வரிகூடக் கிடையாது. 2019 நவம்பர் 8-லிருந்து கஸ்டம்ஸ் அனுப்பும் சம்மன், கடிதம் எதுவானாலும் அதில் டின் என்று ஒரு ஆவண அடையாள எண் அச்சாகி இருக்கவேண்டும். அதை கஸ்டம்ஸின் மேல் வாரியமான சி.பி.ஐ.சி.யின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் உண்மையா பொய்யா தெரிந்துவிடும். உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்த தாளைப் பார்த்தேன். சிங்க முத்திரை இருக்கிறது, சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப் இரண்டு இருக்கிறது, டின் இல்லை. "கிளியரன்ஸ்" என்ற வார்த்தையில் எழுத்துப் பிழை வேறு.

பணம் கட்டியதைவிட அதைச் சொல்ல வெட்கப்பட்டதுதான் உங்களை நாலு நாள் தாமதப்படுத்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் இதே கதையோடு வந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். கேஸ் கீஸ் எதுவும் வராது. அந்த எண்ணுக்குப் பதில் பேசாதீர்கள், ஆனால் வந்த செய்திகளை அழிக்கவும் வேண்டாம். போலீஸ் கேட்கும்.

"காஞ்சிபுரத்திலிருந்து நியூஜெர்சியில் உள்ள வாடிக்கையாளர்களுக்குச் சேலை அனுப்பி வருகிறேன். முன்பெல்லாம் பிரச்சினையே இல்லை. இப்போது 'வரி கேட்கிறார்கள், வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார்கள்." (சிறு வியாபாரி, காஞ்சிபுரம்)

முன்பு பிரச்சினை இல்லாததற்குக் காரணம் 800 டாலர். அந்த மதிப்புக்குள் இருந்தால் அமெரிக்காவுக்குள் வரியில்லாமல் போகும் என்று இருந்தது. ஒரு நல்ல பட்டுச் சேலையே அதற்குள் அடங்கிவிடும். 2025 ஆகஸ்ட் 29-லிருந்து எல்லா நாட்டுப் பார்சலுக்கும் அந்தச் சலுகை போய்விட்டது. யார் வசூலிப்பது, எப்படி என்று தெளிவில்லாமல் நம் தபால் துறை 25-ஆம் தேதியே அமெரிக்கப் பார்சலை வாங்குவதை நிறுத்தியது. அக்டோபர் 15-இல்தான் திரும்ப ஆரம்பித்தார்கள், வரியை இங்கே புக் செய்யும்போதே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு.

உங்கள் சிக்கல் வரி விகிதத்தில் இல்லை, யார் கட்டுவது என்பதில். நீங்கள் விலையைச் சொல்லும்போது "வரி உட்பட" என்றோ "வரி உங்கள் பொறுப்பு" என்றோ ஒன்றுமே சொல்லவில்லை. நியூஜெர்சியில் வாங்கும் அம்மா 200 டாலர் என்று நினைத்து வாங்குகிறார், வாசலில் வேறு கணக்கு வருகிறது. கும்பகோணம் வயலின் டீச்சருக்கு இங்கே நடந்ததேதான் அங்கேயும். இனி வரியை இங்கேயே கட்டி அனுப்பும் சேவையில் புக் செய்து, அந்தத் தொகையைச் சேலை விலையோடு சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லுங்கள். விலை ஏறியதாகத்தான் தெரியும், நாலு பேர் வாங்கமாட்டார்கள். ஆனால் சேலை திரும்பி வராது. திரும்பி வருகிற பார்சலுக்கு இரண்டு வழிச் செலவும் உங்கள் தலையில், மடிப்புக் கலைந்த பட்டை மறுபடி விற்கவும் முடியாது. அதோடு, காசு வாங்கி விற்கும் சேலைக்கு "கிஃப்ட்" என்று எழுதாதீர்கள். 100 டாலருக்குள் உண்மையான அன்பளிப்புக்கு அங்கே விலக்கு வைத்திருக்கிறார்கள். மாதம் முப்பது அன்பளிப்பு அனுப்பும் காஞ்சிபுரத்துக்காரரை அவர்கள் எத்தனை நாள் நம்புவார்கள்?

"லண்டனிலிருந்து பழைய புத்தகங்கள் வரவழைக்க ஆசை. வரி அதிகமோ?" (தமிழ்ப் பேராசிரியர், பாளையங்கோட்டை)

குறைவுதான். அச்சடித்த புத்தகத்துக்கு ஐஜிஎஸ்டி இல்லை. சுங்க வரியும் ரொம்ப நாள் இல்லாமல்தான் இருந்தது, 2019 பட்ஜெட்டில் 5 சதவீதம் போட்டார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. உங்கள் செலவு வரியில் இல்லை, எடையில். கெட்டி அட்டைப் புத்தகம் ஒரு கிலோ வந்தால் தபால் கூலி புத்தக விலையைத் தாண்டிவிடும்.

"கல்யாண வீடியோ எடுக்க சீனாவிலிருந்து ட்ரோன் வரவழைக்கலாமா? வரி எவ்வளவானாலும் பரவாயில்லை." (போட்டோகிராபர், திருநெல்வேலி)

முடியாது, தம்பி. 2022 பிப்ரவரி 9-லிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கே தடை. வரி கட்டினாலும் வராது. உதிரி பாகம் வரவழைக்கலாம், முழு ட்ரோனைப் பிரித்து நாலு பார்சலாக அனுப்பச் சொன்னால் அது உதிரி பாகம் ஆகாது. இதை நீங்கள் அடுத்து கேட்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

"ஜப்பானிலிருந்து ஒரு இங்க் பேனா வாங்கினேன். தபால் டிராக்கிங்கில் 12 நாளாக கஸ்டம்ஸில் நிற்கிறது. யாரைப் பார்ப்பது?" (எல்ஐசி முகவர், நாமக்கல்)

இப்போதைக்கு யாரையும் பார்க்கவேண்டாம். தபாலில் வருவது கூரியர் மாதிரி இல்லை. நேராக அயல்நாட்டு அஞ்சலகத்துக்குப் போகும். அங்கே கஸ்டம்ஸ்காரர்கள் படிவத்தைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் தபால் ஊழியர் முன்னிலையில் பிரித்துப் பார்த்து, வரி போட்டு ஒட்டி அனுப்புவார்கள். பணத்தை உங்கள் ஊர்த் தபால்காரர் வாசலில் வாங்கிக்கொள்வார். விலை தெரியவில்லை என்றால் உங்களுக்கு ஒரு கடிதம் வரும், கால் மெமோ என்பார்கள். வந்தால் பேனா வாங்கிய பில், கார்டில் பணம் போன ஆதாரம், அடையாள அட்டை நகல் மூன்றையும் உடனே அனுப்பிவிடுங்கள். அந்தக் கால் மெமோவைத் தபால்காரர் கொண்டுவந்து, வீட்டில் ஆள் இல்லையென்று திருப்பி எடுத்துப்போயிருக்கிறாரா என்று ஒரு நடை தபால் ஆபீஸில் விசாரியுங்கள். என் அனுபவத்தில் பார்சல் நின்றுபோவதில் பாதி இந்தக் கடிதத்தில்தான் நிற்கிறது.

நானே பார்த்துச் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் எழுதிய எண்ணில் முன்னால் இரண்டு எழுத்தும் ஒன்பது இலக்கமும்தான் இருக்கின்றன. பின்னால் இரண்டு எழுத்து வரவேண்டும், மொத்தம் பதின்மூன்று. ஜப்பான் என்றால் ஜே, பி. அதைச் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 12 நாளாகப் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் பேனாவைத்தானா என்றே எனக்குச் சந்தேகம்.